கடுகு வண்டியும் மாமாவின் பிரெஞ்சும்

எங்கள் எஸ்டேட்டில் ஏழு பிரெஞ்சு வண்டிகளுக்குச் சொந்தக்காரி நான் ஒருத்திதான். மேனேஜர் துரையிடமே ஒரு ஜீப்பும் ஒரு பழைய காரும்தான் இருந்தன. என் வண்டிகள் ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் என்பதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

இடுக்கியில் பெரிய அணை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. சூரியநெல்லிக்கு மேலே, பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எங்கள் வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, அவ்வளவுதான். அப்பா எஸ்டேட் லாரி டிரைவர். தேயிலைப் பெட்டிகளைக் கொச்சிக்கு ஏற்றிப் போவார். அம்மா கொழுந்து பறித்தாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சு ஆபீஸில் வேலை பார்த்தார். அப்படித்தான் மாமா சொன்னார், அப்படித்தான் நாங்களும் ஊருக்குச் சொன்னோம். சித்திரையில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை, மதுரை, தேனி, போடி என்று பஸ் மாறி மலையேறி வருவார். ஒவ்வொரு தடவையும் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு வண்டியை எடுத்து என் கையில் வைப்பார்.

முதலில் வந்தது மஞ்சள் வண்டி. பழங்காலத்துக் கார் ஒன்றின் முதுகில் பெட்டி கட்டி வைத்ததுபோல இருக்கும். ஆரக்கால் போட்ட சக்கரங்கள், பக்கவாட்டில் ஒரு ஸ்டெப்னி, முகத்தில் பித்தளை நிறத்தில் இரண்டு விளக்குகள். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒரு ஜாடியின் படமும், சுழித்துச் சுழித்து எழுதிய பிரெஞ்சு எழுத்துகளும். அந்தக் காலத்தில் பிரான்ஸில் கடைக்காரர்கள் இப்படி வண்டிகளில் தங்கள் சரக்கின் பெயரை எழுதித் தெருத்தெருவாக ஓட்டுவார்களாம். அந்த நிஜ வண்டிகள் எல்லாம் துருப்பிடித்துப் போன பிறகு, அவற்றை அச்சு அசலாகச் சின்னதாக்கி விற்கிறார்களாம். இதெல்லாம் மாமா சொன்னது.

"இதுல என்ன எழுதியிருக்கு மாமா?"

மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூத்தார்த். கடுகு."

"கடுகுக்கு ஒரு காரா!" என்றாள் அம்மா. "நம்ம கடையில காகிதத்துல மடிச்சுல்லா தாரான்."

அப்பா அந்த வண்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமா வாங்கி வந்த எந்தப் பொருளையும் அப்பா அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. அடியில் பொடி எழுத்தில் ஒன்றின் கீழ் நாற்பத்து மூன்று என்று இருந்தது. அதைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு வண்டியின் நீளத்தை அளந்தார், தரையில் கரியால் கணக்குப் போட்டார், மறுநாள் என்னை லாரி ஷெட்டுக்குக் கூட்டிப்போய் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பதிமூன்று அடிக்குக் கொஞ்சம் மேலே நீளமாக ஒரு கட்டம் வரைந்தார்.

"இந்தா, இதுதான் ஒன் வண்டி. நாப்பத்திமூணு மடங்கு. ஏறு."

நான் கட்டத்துக்குள் போய் ஓட்டுநர் இருக்க வேண்டிய இடத்தில் நின்றேன். அப்பா முன்னால் குனிந்து, இல்லாத கைப்பிடியைப் பிடித்துச் சுற்றி, இல்லாத இன்ஜினைக் கிளப்பினார். அந்த நிமிஷத்திலிருந்து என் வண்டிகள் எனக்குப் பொம்மை இல்லை. தூரத்தில் நிற்பதால் சின்னதாகத் தெரியும் நிஜ வண்டிகள்.

அப்புறம் நீலத்தில் காபி வண்டி வந்தது. பச்சையில், ஒரு மரத்தின் படத்தோடு எண்ணெய் வண்டி. வெள்ளையில் பிஸ்கட் வண்டி. சிவப்பில் சாக்லேட் வண்டி. ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று குறையும். காபி வண்டிக்குப் பின்சக்கரம் ஒன்று கிடையாது. அப்பா தன் பழைய கோட்டிலிருந்து ஒரு பொத்தானை அறுத்து, ராவி, அச்சில் மாட்டிக் கொடுத்தார். பிஸ்கட் வண்டிக்கு ஒரு கண் விளக்கு இல்லை. எண்ணெய் வண்டியின் கூரையில் ஒரு நெளிவு. பிரான்ஸ் எவ்வளவு தூரம், வழியில் அடிபடாமலா வரும் என்று நான் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிவைத்திருந்தேன்.

தொழிற்சாலையிலிருந்து அப்பா கொண்டுவந்த, உள்ளே ஈயத்தாள் ஒட்டிய தேயிலை சாம்பிள் பெட்டி ஒன்றில் அவற்றை வரிசையாக வைத்திருந்தேன். வந்த வரிசை மாறக்கூடாது. மழைநாளில் திறக்கக்கூடாது. தொடுகிறவர்கள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். லயத்துப் பிள்ளைகள் ஒரு மரத்தக்காளிப் பழம் கொடுத்தால் ஒரு வண்டியை ஒரு தடவை உருட்டலாம். இரண்டு கொடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசித்துக் காட்டுவேன். பத்து வயதில் எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வார்த்தைகள் ஏழு. அந்த மலையில் வேறு யாருக்கும் தெரியாத ஏழு.

ஆறாவது வண்டியில் மைக்கூடு படம் இருந்ததால் சிக்கல் இல்லை. ஏழாவதாக வந்த ஊதா வண்டிதான் மாமாவைக் கொஞ்சம் நிறுத்தியது. அதில் படமே இல்லை. தங்க நிறத்தில் ஒரு நீளமான வார்த்தையும், அதன் கீழே கிரீடம்போல ஒன்றும் மட்டும். மாமா அதை உற்றுப் பார்த்தார், தொண்டையைச் செருமினார், அப்புறம் சொன்னார்.

"இது பிரெஞ்சு கஜானா வண்டி. அரசாங்கப் பணம் கொண்டு போறது."

அன்றிலிருந்து ஊதா வண்டியை உருட்ட மூன்று மரத்தக்காளி என்று ஆக்கினேன்.

அந்தத் தை மாதம் மாமாவுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வேறு யாருமில்லை, எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர்தான். டீச்சரின் அப்பா தொழிற்சாலையில் டீமேக்கர், அதாவது தேயிலைப் பக்குவம் பார்க்கும் அதிகாரி. கொழுந்து எப்போது வாடியது, எப்போது கறுத்தது என்று மூக்கை வைத்தே சொல்லிவிடக்கூடிய பெரிய கை. கம்பளித் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. மகளைப் படிக்கவைத்து டீச்சராக்கியவர், மாப்பிள்ளை பேனா பிடிக்கிறவனாக இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

"ஆத்தா இல்லாத பொண்ணு," என்றாள் அம்மா அப்பாவிடம். "அப்பனுக்கும் கூடப்பொறந்த மூணு ஆம்பளப் பயலுகளுக்கும் விடியமுன்ன பொங்கிவச்சுட்டு ஸ்கூலுக்கு வாரா. அவளுக்கு ஒரு நல்லது நடக்கட்டும். தம்பிக்கும் ஆபீஸ் வேலை. பொருத்தம்தான?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார்.

பெண் பார்க்கப் போன அன்று டீமேக்கர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பிரெஞ்சு பேசமட்டும்தான் வருமா, எழுதப் படிக்கவும் வருமா?"

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் என் பெட்டியைத் திறந்துவிட்டேன். அதைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். எனக்குத் தெரியும், தேவைப்படும் என்று. வண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாமாவிடம் நீட்டினேன். மாமா வாசித்தார். மூத்தார்த், கடுகு. கஃபே, காபி. உய்ல், எண்ணெய். டீமேக்கரின் முகம் வார்த்தைக்கு வார்த்தை மலர்ந்தது. கடைசியில் ஊதா வண்டியைக் காட்டிக் கஜானா என்று மாமா சொன்னபோது, அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றாத குறைதான். உள்ளே அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை பூ வைப்பது என்று பேசி முடித்தார்கள். மாமாவின் கல்யாணத்தை முடித்துவைத்தது என் வண்டிகள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னேன். டீமேக்கர் தொழிற்சாலை முழுக்கச் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்த செவ்வாய்க்கிழமை காலையில் பங்களா வாட்ச்மேன் மேல்மூச்சு வாங்க எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க மச்சினன் இருக்காரா? துரை வீட்டம்மா கையோட கூட்டியாரச் சொன்னாங்க. தேயிலை வாங்குற பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் சம்சாரத்தோட வந்திருக்கார். அவரு துரையோட மலைக்குப் போய்ட்டார். அந்தம்மாவுக்கு இங்கிலீஷும் வரல, ஒண்ணும் வரல. பிரெஞ்சு தெரிஞ்ச ஆளு நம்ம எஸ்டேட்லயே இருக்காருன்னு டீமேக்கர்தான் சொன்னாராம்."

மாமா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அக்கா, எனக்குக் காய்ச்சல் அடிக்கி."

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஐஸ் மாதிரில்லா இருக்கு. எந்திரில. துரை வீட்ல கூப்பிட்டு நம்ம போகாம இருக்க முடியுமா?"

அப்பா தன்னுடைய வெள்ளைச் சட்டையை எடுத்து மாமாவிடம் நீட்டினார். "போ மாப்ளே," என்றார் மெதுவாக. "என்னிக்காவது ஒருநாள் போகத்தான் வேணும்." அவருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று இன்றும் எனக்குத் தெரியாது. கொச்சி வரைக்கும் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஆட்களைப் பார்த்தவுடன் சில விஷயங்கள் தெரியும்.

மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு, பையில் என் பேனாவைச் சொருகிக்கொண்டு கிளம்பினார். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வழக்கமாக இருந்தால் துரத்தியிருப்பார். அன்று திரும்பிப் பார்த்து, "நீயும் வா பாப்பா," என்று கையைப் பிடித்துக்கொண்டார். 

பங்களா வராந்தாவில் டீமேக்கர் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை பிரெஞ்சு பேசுவதைக் காதால் கேட்க, தொழிற்சாலையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தார். மாமா அவரைப் பார்த்ததும் ஒரு படி தடுக்கினார்.

உள்ளே, கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுருண்டு உட்கார்ந்திருந்தார். நரைத்த குட்டை முடி, வெளுத்த முகம். துரை வீட்டம்மா மலையாளமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"ரெண்டு நாளாயி ஒண்ணும் கழிச்சிட்டில்லா, சாப்பிடவே இல்ல. எது கொடுத்தாலும் கை இப்படி இப்படி ஆட்டும். என்ன வேணும்னு கேட்டு ஒண்ணு சொல்லணும்."

மாமா கையைக் கட்டிக்கொண்டு, "போன்ழூர் மதாம்," என்றார்.

அந்த அம்மாள் நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த நொடி, இரண்டு நாளாகப் பேச ஆள் இல்லாமல் அடைத்துக்கிடந்தது மொத்தமும் மடை திறந்து கொட்டியது. நான் அதைப்போல ஒன்றைக் கேட்டதே இல்லை. போடிமெட்டு இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி மாதிரி போய்க்கொண்டே இருந்தது. முடித்துவிட்டு, பதிலுக்காக மாமாவைப் பார்த்தார்.

மாமா பையிலிருந்த என் பேனாவைத் தடவிக்கொண்டிருந்தார்.

துரை வீட்டம்மா மாமாவைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே டீமேக்கரின் கம்பளித் தொப்பி தெரிந்தது. மாமாவின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்தவர் இப்படி வெட்கப்படலாமா? சரி, நாம்தான் ஆரம்பித்துவைக்க வேண்டும் என்று, பெட்டியைத் திறந்து, அந்த அம்மாளின் முன்னால் இருந்த மேசையில் வண்டிகளை வரிசையாக நிறுத்தினேன்.

அந்த அம்மாள் "ஓ!" என்று ஒரு சத்தம் போட்டார். சால்வை நழுவி விழுந்தது. மஞ்சள் வண்டியை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், ஒரு சின்னப்பெண் மாதிரி சக்கரத்தைச் சுண்டிவிட்டார். பிறகு பக்கத்தில் எழுதியிருந்ததைத் தொட்டுக்காட்டி, மெதுவாக, "மூத்தார்த்," என்றார்.

"மூத்தார்த்!" என்றார் மாமா. அவர் உடம்பில் உயிர் வந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். "வீ, மதாம், மூத்தார்த்!" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினார்.

நீல வண்டி. "கஃபே." "கஃபே!" பச்சை வண்டி. "உய்ல்." "உய்ல்!" இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். எனக்கும் தெரிந்தவைதான், நானும் சேர்ந்துகொண்டேன். பிஸ்கட், சாக்லேட் முடிந்து மைக்கூட்டைத் தாண்டி ஊதா வண்டிக்கு வந்தபோது அந்த அம்மாள் வார்த்தையைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். துரை வீட்டம்மா என்ன என்று கேட்க, அவர் தன் வயிற்றைத் தடவிக்காட்டி, கையில் ஒரு கரண்டி வைத்து விழுங்குவதுபோலக் காட்டி, பிறகு எழுந்து குளியலறைப் பக்கம் விரலால் ஓடிக்காட்டினார்.

"அய்யோ!" என்று துரை வீட்டம்மாவும் சிரித்துவிட்டார். "வயிறு இளக்குன்ன மருந்து!"

கஜானா வண்டியைப் பார்த்துப் பேதி மருந்து என்கிறார். இந்த அம்மாளுக்குப் பிரெஞ்சு அவ்வளவாகப் போதாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். பெரிய மனது பண்ணி அவர் அதைத் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது மிகவும் நன்றாக இருந்தது. மாமா தன் வயிற்றைத் தொட்டுக்காட்டி, "சூப்?" என்று கேட்டார். அந்த அம்மாள் கையைச் சேர்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டார். மாமா ஒரு விரலை மடக்கி, "ஒஞோன்?" என்றார். "வீ!" இன்னொரு விரல், "புவாரோ?" "வீ, வீ!" மூன்றாவது விரல், "பொம் த தேர்?" அவர் வேண்டாம் என்று தலையாட்டி வேறொன்று சொல்ல, மாமா ஒத்துக்கொள்ளாமல் மறுக்க, அவர் கோபிக்க, இரண்டு பேரும் கையை ஆட்டிக் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். பிரெஞ்சில்! டீமேக்கர் கேட்கிறாரா என்று சன்னலைப் பார்த்தேன். தொப்பி ஆடாமல் அசையாமல் நின்றிருந்தது.

கடைசியில் அந்த அம்மாள் மாமாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். பங்களாவின் பட்லர் வழிவிட்டு ஒதுங்கினார். தோட்டத்திலிருந்து புதிதாகப் பிடுங்கிய, தடித்த வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் வெங்காயம் வெண்ணெயில் வதங்கும் வாசனை வராந்தா வரை வந்தது. அவசரமே இல்லாமல், தண்ணீர் கொதிப்பதுபோல ஒரே சீராகக் கத்தி பலகையில் தட்டும் சத்தம். எங்கள் வீட்டில் மாமா ஒரு டம்ளரைக்கூட நகர்த்திவைத்து நான் பார்த்ததில்லை. எட்டிப்பார்த்தேன். அப்பாவின் வெள்ளைச் சட்டையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, அடுப்புக்கு முன்னால் மாமா நின்றார். அந்த இடத்தில் அவர் வேறு ஆளாக இருந்தார். முதுகு நேராக இருந்தது. பட்லரிடம் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். பட்லர் மறுபேச்சில்லாமல் உப்பை எடுத்துக் கொடுத்தார்.

கிண்ணத்தில் சூப், மேலே சுட்ட ரொட்டித்துண்டு, அதன்மேல் டின்னிலிருந்து எடுத்த சீஸ் உருகி வழிந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி. கிண்ணம் காலியானதும் மாமாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். துரை வீட்டம்மா, "மதியத்துக்கும் வரணும், ராத்திரிக்கும் வரணும்," என்று மூன்று தடவை சொன்னார்.

வண்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தோம். டீமேக்கர் படியில் காத்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருந்தார், துண்டைக் கட்டியது, சூப்பை ஏந்திவந்தது, எல்லாமே. சற்றுநேரம் மாமாவின் சுருட்டிவிட்ட சட்டைக்கையையே பார்த்தார். பிறகு, தானே ஒரு பாதையைப் போட்டுக்கொண்டவர்போலச் சொன்னார்:

"அந்தம்மாவுக்கு முடியலன்னு கேட்டதும் நீங்களே எறங்கிச் செஞ்சு குடுத்துட்டீங்க. ஆபீஸ் வேலை பாக்குறவங்க யாரு இப்படி எறங்கி வருவா? பெரிய மனசு. அப்படித்தான மாப்ளே?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தலையசைத்ததுபோலவும் இருந்தது, அசைக்காததுபோலவும் இருந்தது. டீமேக்கர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்தார்.

எனக்கு ஒரே ஆனந்தம். ஜெயித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை பூ, வைகாசியில் கல்யாணம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கும் பாதையில் துள்ளிக்கொண்டே போனேன். இரண்டாவது வளைவில் மாமா நின்றுவிட்டார். பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அங்க என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியுமே. நீங்க பிரெஞ்சு பேசுனீங்க."

"நான் பேசுனது அம்புட்டும் காய்கறிப் பேருல்லா."

"பிரெஞ்சுலதான பேசுனீங்க?"

மாமா சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கீழே லயத்துக் கூரைகளைப் பார்த்தார், மேலே குவார்ட்டர்ஸின் ஓட்டுக்கூரைகளைப் பார்த்தார். கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு எழுந்து, வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினார். நான் பெட்டி குலுங்கக் குலுங்கப் பின்னால் ஓடினேன்.

டீமேக்கர் அப்போதுதான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமா வாசலிலேயே நின்றார்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் ஆபீஸ்ல வேலை பாக்கல. பாண்டிச்சேரியில ஒரு பிரெஞ்சு முசே வீட்ல குசினிக்காரன். பன்னெண்டு வருஷமா சமையல்தான்."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

"முசே கண்ணாடி அலமாரி நெறைய இந்தமாதிரி வண்டி சேத்துவச்சிருக்கார். கப்பல்ல வரும். வரும்போதே ஒடைஞ்சது, பழுதானது இருந்தா அதை எனக்குத் தருவார். அதத்தான் இவளுக்குக் கொண்டாந்தேன். குசினி டின்னுல, பாட்டில்ல என்ன எழுதியிருக்குமோ அதுமட்டுந்தான் எனக்கு வாசிக்கத் தெரியும்."

பழுது! என் ஏழு வண்டிகளையும், நடு வாசலில், மூன்றாம் மனிதரிடம், பழுது என்று சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

டீமேக்கர் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். உள்ளே முழு வழுக்கை. எதற்குக் கழற்றினோம் என்று தெரியாதவர்போல அதைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு என் பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

"அப்ப அந்தக் கஜானா வண்டி?"

"அதை எனக்கு வாசிக்கத் தெரியலீங்க. மன்னிச்சிருங்க."

அப்போது டீச்சர் வெளியே வந்தார். அன்று பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் சமைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சேலையை இடுப்பில் செருகியிருந்தார், நெற்றியில் வேர்வை, கையில் ஈரம். எல்லாவற்றையும் உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார் என்பது தெரிந்தது. ஏமாற்றியவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார், மாமா கூனிக்குறுகிப் போவார் என்று நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"தெனமுமா சமைப்பீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"தெனமுந்தான். மூணு வேளையும்."

"அலுக்காதா?"

மாமா கொஞ்சம் யோசித்தார். அன்று காலையிலிருந்து அவர் யோசித்துச் சொன்ன முதல் பதில் அதுதான். "இல்ல. எனக்கு அது புடிக்கும்."

டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கணக்குப் பாடத்தில் நான் சரியான விடையைச் சொல்லும்போது, உடனே நம்பாமல், மனதுக்குள் ஒரு தடவை போட்டுப் பார்ப்பார் இல்லையா, அந்தப் பார்வை. பிறகு தன் அப்பாவின் பக்கம் திரும்பாமலே, கதவை விட்டு ஒதுங்கி நின்று சொன்னார்:

"உள்ள வாங்க. அடுப்புல கொழம்பு கொதிக்கி. உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. பிரான்ஸிலிருந்து வந்த அம்மாளிடமே பிரெஞ்சில் வாதாடி ஜெயித்த மனிதரை, வாசலிலிருந்தே கூப்பிட்டுக் குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்கிறார். இதைவிடப் பெரிய அவமானத்தை ஒரு மாப்பிள்ளைக்கு யாரும் செய்திருக்க முடியாது. மாமாவோ ரோஷமே இல்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார். டீமேக்கர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் ஒரு நிமிஷம்கூட அங்கே நிற்கவில்லை. குறுக்குப் பாதையில் செடிகளை விலக்கிக்கொண்டு, அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்கு ஒரே ஓட்டமாக ஓடி, அத்தனை பெண்களுக்கும் கேட்கும்படி, மூச்சு வாங்க, அந்த வயதில் எனக்கு இருந்த முழு நிச்சயத்தோடு, மாமா கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று நான்தான் முதலில் சொன்னேன்.